வயிற்றுப் பிடிப்பு மாத்திரைகள் நான்கு: எது எந்தத் தசைக்கு?

வயிறு பிடிச்சுக்கிச்சு, இடுப்பு பிடிச்சுக்கிச்சு, கழுத்து பிடிச்சுக்கிச்சு, கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு. நம் பேச்சில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். மருந்துக்கடையில் குழப்பம் தொடங்குவதும் அந்தச் சொல்லில்தான். "பிடிப்புக்கு மாத்திரை குடுங்க" என்றால் எந்த இடத்துப் பிடிப்பு என்ற கேள்வியே இல்லாமல் ஓர் அட்டை கைமாறிவிடுகிறது. வீட்டுக்கு வந்தபின் அதே அட்டை மாதவிடாய் வலிக்கு மகளுக்கும், இடுப்புப் பிடிப்புக்கு அப்பாவுக்கும், ராத்திரியில் கால் இழுத்துக்கொள்கிற பாட்டிக்கும் பங்கு போகிறது. மூவரில் ஒருவருக்கு நன்றாகக் கேட்கும். ஒருவருக்கு அரைகுறையாகக் கேட்கும், அதுவும் மாத்திரையில் கலந்திருக்கும் வேறொரு மருந்தால். பாட்டிக்குப் பயன் எதுவும் இல்லை, வாய் உலர்வதுதான் மிச்சம்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பவை நம் ஊர்க் கடைகளில் அதிகம் புழங்கும் நான்கு. டைசைக்ளோமைனும் மெஃபனமிக் அமிலம் என்ற வலிநீக்கியும் சேர்ந்த மாத்திரை, அதில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் மெஃப்டால்-ஸ்பாஸ். ட்ரோட்டாவெரின், அதாவது ட்ரோட்டின். ஹையோசின் பியூட்டைல்புரோமைடு, கடைப்பெயர் பஸ்கோபான். மெபெவெரின், கடைப்பெயர் கோலோஸ்பா. இதே சேர்மானங்கள் வேறு பல பெயர்களிலும், மக்கள் மருந்தகம் போன்ற கடைகளில் மூலப்பெயரிலும் கிடைக்கின்றன. ஆகவே பெயரைவிட அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானத்தைப் பார்த்து வாங்கும் பழக்கம் வேண்டும்.

முதலில் தசையைப் பற்றி. பள்ளிப் பாடத்தில் இயக்கு தசை, இயங்கு தசை என்று படித்திருப்போம். கை, கால், கழுத்து, முதுகுத் தசைகள் நாம் நினைத்தால் அசைபவை. குடல், பித்தப்பை, சிறுநீர்க்குழாய், கருப்பை ஆகியவற்றின் சுவரில் இருக்கும் மென்தசை நம்மைக் கேட்காமலே சுருங்கி விரிகிறது. இரண்டுமே நம் விருப்பம் இல்லாமல் இறுகிக்கொள்ளலாம். கெண்டைக்காலில் நடந்தாலும் பிடிப்பு, குடலில் நடந்தாலும் பிடிப்பு. ஆனால் இறுக்கம் பிறக்கும் வழி இரண்டிலும் வேறு.

நரம்பு கொண்டுவந்து சேர்க்கும் செய்தி இரண்டு இடத்திலும் அசிட்டைல்கோலின்தான். அது போய் உட்காரும் ஏற்பிதான் வேறு. குடல் தசையில் மஸ்கரினிக் வகை ஏற்பி, கெண்டைக்கால் தசையில் நிக்கோட்டினிக் வகை ஏற்பி. டைசைக்ளோமைனும் ஹையோசினும் மஸ்கரினிக் ஏற்பியைப் போய் அடைக்கின்றன. அங்கே அசிட்டைல்கோலினுக்கு இடம் கிடைக்காவிட்டால் செல்லுக்குள் கால்சியம் பெருகாது. கால்சியம் இல்லாமல் மயோசின் இழை ஆக்டின் இழையைப் பிடித்து இழுக்காது. குடல் தளர்கிறது, வலி இறங்குகிறது. கெண்டைக்கால் பூட்டுக்கு இந்தச் சாவி பொருந்தாது. எத்தனை மாத்திரை போட்டாலும் பொருந்தாது.

இதிலிருந்தே எந்த வலிக்கு இந்த மாத்திரைகள் ஏற்றவை என்பதும் தெரிந்துவிடும். குழாய்போல உள்ளே வெற்றிடம் கொண்ட உறுப்பு இறுகினால் வலி அலையலையாக வரும். முறுக்கும், உச்சத்துக்குப் போகும், விடும், மறுபடி முறுக்கும். "சுருட்டிச் சுருட்டி வலிக்குது" என்பது அந்த வலி. நெஞ்சுக்குழியில் எரிச்சல், விடாமல் ஒரே அளவில் நிற்கும் வலி, அழுத்தினால் ஒரே புள்ளியில் சுள்ளென்று குத்தும் வலி ஆகியவை பிடிப்பு வலியின் சாயலில் வருபவை அல்ல. அவற்றுக்கு இந்த நான்கில் எதையும் எடுத்துப் பயனில்லை.

மெஃப்டால்-ஸ்பாஸ் வகையை முதலில் பார்க்கலாம். ஒரு மாத்திரையில் மெஃபனமிக் அமிலம் 250 மி.கி., டைசைக்ளோமைன் 10 மி.கி. மாதவிடாய் வலிக்கு இதை நம்பும் பெண்கள் ஏராளம், நம்பிக்கை வீணும் அல்ல. ஆனால் புகழ் போய்ச் சேரும் இடம் தப்பு. மாதவிடாயின்போது கருப்பையின் உள்வரி உதிர்கையில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் பெருகுகிறது. அது கருப்பைத் தசையை இறுக்குகிறது, இறுகிய தசை தன் ரத்தக்குழாய்களையே நெரித்துக்கொள்கிறது, ரத்தம் குறைந்த தசை வலிக்கிறது. மெஃபனமிக் அமிலம் அந்தப் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியையே தடுக்கிறது. இங்கே இறுக்கத்தை ஓட்டுவது புரோஸ்டாகிளாண்டின், அசிட்டைல்கோலின் அல்ல. அதனால் டைசைக்ளோமைனுக்கு வேலை குறைவு. மாதவிடாயோடு சேர்ந்து வயிறு புரட்டல், குடல் முறுக்கு, இளக்கமாகப் போவது என்று இருப்பவர்களுக்கு அந்த 10 மி.கி. கொஞ்சம் உதவலாம். வெறும் அடிவயிற்று வலி மட்டும் என்றால் டைசைக்ளோமைன் இல்லாத மெஃபனமிக் அமிலமோ, இபுபுரூஃபனோ, நாப்ராக்சனோ போதும். வாய் உலர்வு, மயக்கம் போன்ற தொல்லைகளையும் தவிர்க்கலாம்.

"ஒண்ணு போட்டேன், கேக்கவே இல்லை" என்ற புகார் இந்த மாத்திரையைப் பற்றி அடிக்கடி வரும். அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று அளவு. மாதவிடாய் வலிக்கு மெஃபனமிக் அமிலத்துக்கு வகுத்த வழக்கமான முறை, முதலில் 500 மி.கி., பிறகு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 250 மி.கி. கூட்டு மாத்திரை ஒன்றில் இருப்பது அதில் பாதிதான். இன்னொன்று நேரம். விழுங்கிய மெஃபனமிக் அமிலம் ரத்தத்தில் உச்சத்தைத் தொட 2 முதல் 4 மணி நேரம் ஆகிறது. வலி உச்சத்தில் இருக்கும்போது எடுத்தால், ஏற்கெனவே சேர்ந்துவிட்ட புரோஸ்டாகிளாண்டின் தன் வேலையைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும். உதிரம் தொடங்கியதும், வலி லேசாகத் தலைகாட்டும்போதே, ஏதாவது சாப்பிட்டுவிட்டு எடுத்தால் அதே மாத்திரை இரண்டு மடங்கு நன்றாகக் கேட்டதுபோல இருக்கும். அரை மணி நேரம் பார்த்துவிட்டு இன்னொன்று, மறுபடி இன்னொன்று என்று போடுவது இந்த மாத்திரையில் நடக்கும் பெரிய தவறு. முதல் மாத்திரையே அதற்குள் முழுதாக ஏறியிருக்காது. எத்தனை, எவ்வளவு இடைவெளி என்பதை மருத்துவரிடம் ஒருமுறை தெளிவாகக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டால் மாதாமாதம் தடுமாற வேண்டாம். மாதவிடாய்க்கு 2, 3 நாளுக்கு மேல் இது தேவைப்படக் கூடாது. தேவைப்பட்டால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உள்வரி போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), நார்த்திசுக் கட்டி போன்றவை இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

2023 நவம்பர் 30 அன்று இந்திய பார்மகோபியா ஆணையம் மெஃபனமிக் அமிலம் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. உடனே "மெஃப்டால் தடை" என்று வாட்ஸப்பில் ஓடியது. தடை எதுவும் இல்லை. எச்சரிக்கை, ட்ரெஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கடும் ஒவ்வாமை பற்றியது. காய்ச்சல், உடல் முழுக்கத் தடிப்பு, முகவீக்கம், நெறி கட்டுதல், கல்லீரல் பாதிப்பு என்று அது வரும். இதில் தெரிந்திருக்க வேண்டியது அதன் தாமதம். மாத்திரை எடுத்த அன்று வராது. பெரும்பாலும் 2 முதல் 8 வாரம் கழித்து வரும். அந்த நேரத்தில் மாத்திரையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை, அம்மை என்றோ வெயில் தடிப்பு என்றோ எண்ணி விட்டுவிடுகிறார்கள். இது அரிதானது. அட்டையைத் தூக்கி எறியத் தேவையில்லை. காய்ச்சலோடு தடிப்பு வந்து மருத்துவரிடம் போகும்போது, போன மாதம் என்ன மாத்திரை எடுத்தோம் என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

வயிற்றுப்புண் இருந்தவர்கள், சிறுநீரகம் பலவீனமானவர்கள், ஆஸ்பிரின் போட்டால் இழுப்பு வரும் ஆஸ்துமாக்காரர்கள் மெஃபனமிக் அமிலம் கலந்த எதையும் தொடக் கூடாது. கர்ப்பிணிகள் தாமாக எடுக்கவே கூடாது. 20 வாரத்துக்குப் பிறகு இந்த வகை வலிநீக்கிகள் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்து ஆணையமான எஃப்டிஏ 2020இல் எச்சரித்தது.

மழைக்காலத்துக்கு இன்னொரு எச்சரிக்கை. டெங்குக் காய்ச்சலில் வயிற்றுவலியும் வரும். அந்த வலிக்கு மெஃபனமிக் அமிலம் உள்ள மாத்திரையைக் கொடுத்தால், தட்டணுக்கள் ஏற்கெனவே குறையும் நோயில் அவற்றின் வேலையையும் கெடுத்து, இரைப்பையையும் அரித்து, ரத்தக்கசிவுக்கு வழி செய்கிறோம். காய்ச்சலோடு வயிற்றுவலி என்றால் ரத்தப் பரிசோதனை ஆகும்வரை பாராசிட்டமால் மட்டுமே. இங்கே பெயர்க் குழப்பமும் சேர்கிறது. மெஃப்டால்-ஸ்பாஸ், மெஃப்டால்-பி, மெஃப்டால்-ஃபோர்ட்டே என்று ஒரே குடும்பப் பெயரில் பல உண்டு. குழந்தைகளின் காய்ச்சலுக்குக் கொடுக்கும் மெஃப்டால்-பி மருந்திலும் இருப்பது மெஃபனமிக் அமிலம்தான். கடையில் வெறுமனே "மெஃப்டால்" என்று கேட்பது போதாது.

டைசைக்ளோமைனுக்கு வருவோம். அமெரிக்காவில் குடல் எரிச்சல் நோய்க்கு இது தனி மருந்தாகவே அங்கீகரிக்கப்பட்டது. அங்கே அது பயனைக் காட்டிய சோதனையில் கொடுத்தது ஒரு வேளைக்கு 40 மி.கி. வீதம் நாளுக்கு நான்கு வேளை, மொத்தம் 160 மி.கி. 82 விழுக்காட்டினருக்குக் குணம் தெரிந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 55 விழுக்காட்டினருக்கும் தெரிந்தது! அந்த அளவில் மூன்றில் ஒருவருக்கு வாய் உலர்ந்தது, பத்தில் நால்வருக்குத் தலை சுற்றியது, நான்கில் ஒருவருக்கு மேல் பார்வை மங்கியது. நம் கூட்டு மாத்திரையில் இருக்கும் 10 மி.கி. அதைவிட மிகச் சிறியது. தொல்லை குறைவாக இருப்பது அதனால்தான், நீண்டநாள் குடல் பிடிப்புக்கு அது போதாமல் போவதும் அதனால்தான்.

அளவு சிறியது என்று அலட்சியமாக இருந்துவிடவும் முடியாது. மஸ்கரினிக் ஏற்பி குடலில் மட்டும் இல்லை. உமிழ்நீர்ச் சுரப்பி, கண்மணி, சிறுநீர்ப்பை, வியர்வைச் சுரப்பி எல்லாவற்றிலும் உண்டு. புராஸ்டேட் வீங்கிய பெரியவருக்கு இதைக் கொடுத்தால் சிறுநீர் அடைத்துக்கொண்டு அடிவயிறு இன்னும் வலிக்கும். வயிற்றுவலி போகவில்லை என்று இன்னொரு மாத்திரை கொடுப்பார்கள், அடைப்பு கூடும். கண் அழுத்தத்தில் குறுகிய கோண வகை இருப்பவர்களுக்குப் பார்வையே ஆபத்தில் போகலாம். தசைகள் சீக்கிரம் சோர்ந்துவிடும் மையஸ்தீனியா நோய் இருப்பவர்களுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் ஆகாது. சளிக்கு எடுக்கும் குளோர்ஃபெனிரமின், தூக்கத்துக்கோ நரம்புவலிக்கோ எடுக்கும் அமிட்ரிப்டிலின் ஆகியவையும் இதே ஏற்பிகளைத்தான் அடைக்கின்றன. மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தால் வயதானவர்களுக்குப் புத்தி தடுமாறும், இருந்த இடத்தில் இல்லாததுபோலப் பேசுவார்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். வியர்வை குறைந்தால் உடல் சூட்டை வெளியேற்ற வழியில்லை. கட்டட வேலையிலோ வயலிலோ இருப்பவர் காலையில் வயிற்றுவலிக்கு இரண்டு மாத்திரை போட்டுவிட்டு உச்சி வெயிலில் நின்றால் வெப்பத்தாக்குக்கு வழி திறந்து வைத்ததுபோல ஆகும். மாத்திரை எடுத்த அன்று தோல் வறண்டு சூடாக இருந்தால் உடனே நிழல், தண்ணீர், ஈரத்துணி. அன்றைக்கு மறுவேளை மாத்திரை வேண்டாம்.

அடிக்கடி கண்ணில் படும் இன்னொரு சேர்க்கை, கேஸ் கேப்சூலும் இதுவும் ஒன்றாக. நம்மிடம் "கேஸ் மாத்திரை" என்று வாங்கும் பலவற்றில் பான்டோபிரசோலோடு டோம்பெரிடோன் கலந்திருக்கும். டோம்பெரிடோன் இரைப்பையை வேகமாகத் தள்ளச் சொல்கிறது, டைசைக்ளோமைன் மெதுவாகப் போகச் சொல்கிறது. ஒரே மாட்டை இரண்டு பேர் எதிரெதிராக இழுப்பதுபோல. இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டு எதுவும் கேட்கவில்லை என்றால் குறை மாத்திரையில் இல்லை.

ட்ரோட்டாவெரின் வேறு வழியில் வேலை செய்வது. ஹங்கேரியில் உருவாகி, கிழக்கு ஐரோப்பாவில் நோ-ஷ்பா என்ற பெயரில் வீட்டு மருந்தாகவே ஆகிவிட்டது. அமெரிக்கக் கடைகளில் கிடைக்காது. இது ஏற்பியை அடைப்பதில்லை. தசைச் செல்லுக்குள் பாஸ்போடைஎஸ்டெரேஸ்-4 என்ற நொதியைத் தடுக்கிறது. அதனால் தசையைத் தளர்த்தச் சொல்லும் சைக்ளிக் ஏஎம்பி என்ற பொருள் செல்லுக்குள் கூடி, இழுக்கும் இயந்திரமே அணைகிறது. வாய் உலர்வு, சிறுநீர் அடைப்பு போன்றவை இல்லாததால் புராஸ்டேட் தொல்லை உள்ளவருக்கு டைசைக்ளோமைனைவிட இது பொருத்தம். 40 மி.கி., 80 மி.கி. என்று இரண்டு அளவில் வரும். ஒரு நாளுக்கு மொத்தம் 240 மி.கி. மேல்வரம்பு. சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், ஆகவே மாத்திரை போட்டுவிட்டுச் சட்டென்று எழுந்து நிற்க வேண்டாம். பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டும், அந்த மருந்தின் பலனை இது குறைக்கும். பிரசவ அறையில் கருப்பை வாய் திறக்க உதவியாகப் போடும் ஊசிகளில் இதுவும் ஒன்று. வெறும் குடல் முறுக்குக்கு, வலிநீக்கி எதுவும் கலக்காத ட்ரோட்டாவெரினுக்கே என் முதல் ஓட்டு. ஆனால் எம் என்ற எழுத்து ஒட்டிய அட்டையில் மெஃபனமிக் அமிலமும் சேர்ந்திருக்கும், பார்த்து வாங்க வேண்டும்.

பஸ்கோபானில் இருக்கும் ஹையோசினின் மூலம் நமக்குத் தெரிந்த செடிக் குடும்பத்துக்குள்தான். ஊமத்தையில் இருக்கும் நச்சுகளில் ஒன்று ஹையோசின். ஊமத்தை தின்றவருக்குப் புத்தி பேதலிப்பது அது மூளைக்குள் நுழைவதால். 1950களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் போரிங்கர் இங்கல்ஹைம் நிறுவனம் அதோடு ஒரு பியூட்டைல் தொகுதியைச் சேர்த்து, மின்னேற்றம் கொண்ட மூலக்கூறாக மாற்றியது. அப்படி மாறியபின் அது மூளைக்குள் எளிதில் போக முடியாது. அந்த மின்னேற்றத்தால் குடலிலிருந்து ரத்தத்துக்கும் மிகச் சொற்பமே ஏறுகிறது, பெரும்பகுதி குடலிலேயே நின்று வேலை செய்கிறது. குடல் பிடிப்புக்கு இது நல்ல குணம். மாத்திரை 10 மி.கி. பெரியவர்களுக்கு வழக்கம் ஒரு வேளைக்கு ஒன்று அல்லது இரண்டு. முழுதாக விழுங்க வேண்டும், மென்றால் கசக்கும். ஊசி வடிவம் வேறு கதை, ரத்தத்தில் நேராகப் போவதால் இதயத் துடிப்பைக் கூட்டும். இதய நோயாளிகளுக்கு ஊசி போடும்போது கவனம் வேண்டும் என்று பிரிட்டனின் மருந்து ஆணையம் 2017இல் எச்சரித்தது.

கோலோஸ்பா இன்றைக்கு வந்த வலிக்கானது அல்ல. மெபெவெரின் 135 மி.கி. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு 20 நிமிடம் முன்பு, நாளுக்கு மூன்று வேளை எடுக்க வேண்டும். சாப்பாடு வயிற்றில் விழுந்ததும் குடல் எழும் நேரத்துக்கு மருந்து தயாராக இருக்க வேண்டும் என்பதே அந்த 20 நிமிடக் கணக்கு. சாப்பிட்டபின் ஞாபகம் வந்து போடுபவர்களுக்குப் பலன் குறையலாம். மெதுவாகக் கரையும் 200 மி.கி. கேப்சூல் என்றால் காலை, இரவு இரண்டு வேளை. சில வாரம் தொடர்ந்து எடுத்த பிறகே சொல்லும்படியான மாற்றம் தெரியும். சாப்பிட்டதும் கழிவறைக்கு ஓடுவது, போய்வந்தால் வலி குறைவது, மாதக்கணக்கில் வந்து வந்து போவது என்று குடல் எரிச்சல் நோய் இருப்பவர்களுக்கு இது ஏற்றது. வாய் உலராது, சிறுநீர் அடைக்காது. "ஒரு நாள் போட்டேன், ஒண்ணும் ஆகல" என்று இதைக் குறை சொல்வது நியாயமில்லை.

சிறுநீரகக் கல் வலிக்கு இந்த நான்கில் எது? கல் குழாயில் அடைத்து, மேலே நீர் தேங்கி, சிறுநீரகம் உப்புவதுதான் அந்தக் கொடிய வலி. அங்கே புரோஸ்டாகிளாண்டினைக் குறைக்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலிநீக்கியே முதல் மருந்து. பிடிப்பு மாத்திரைகளைக் கல் வலிக்குக் கொடுக்க வேண்டாம் என்றே பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2019இல் வழிகாட்டியது. நம் ஊரில் இன்னும் பழக்கத்தில் கொடுக்கிறார்கள். கல் வலி என்று தெரிந்தால் மாத்திரை மாற்றி மாற்றிப் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போவதுதான் சரி.

இனி பாட்டியின் கால். ராத்திரி இரண்டு மணிக்குக் கெண்டைக்கால் சதை கல்லாக இறுகி, பெருவிரல் தானாக வளைந்து, "நரம்பு இழுத்துக்கிச்சு" என்று எழுந்து உட்காருவது எலும்புத் தசையின் பிடிப்பு. அதற்கு மருந்து கையில்தான் இருக்கிறது. முழங்காலை நேராக நீட்டி, கால் விரல்களைப் பிடித்து முகத்தை நோக்கி மெதுவாக இழுத்து 20, 30 வினாடி அப்படியே வைத்திருக்க வேண்டும். எழுந்து நிற்க முடிந்தால் சுவரில் கை ஊன்றி, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்பக்கம் சாய வேண்டும். இறுகிய தசை நீளும்போது பிடிப்பு அவிழும். மெக்னீசியம் மாத்திரை வயதானவர்களுக்கு இதைத் தடுப்பதில் பயன் தருவது சந்தேகம் என்பதே 2020இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின் முடிவு. முன்பு கொடுத்த குவினைன், தட்டணுக்களையும் இதயத் துடிப்பையும் பாதிப்பதால் கால் பிடிப்புக்கு வேண்டாம் என்று எஃப்டிஏ எச்சரித்துவிட்டது. நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு அடிக்கடி வந்தால் சோடியம், பொட்டாசியம், கால்சியம் பார்ப்பது அவசியம்.

அப்பாவின் இடுப்புக்கு மருத்துவர் எழுதுவது தசைத் தளர்த்திகள். அவை வேலை செய்யும் இடம் தண்டுவடமும் மூளையும், தசை அல்ல. தயோகோல்சிகோசைடு அதில் பிரபலம். அதன் மூலப்பொருள் நம் மாநில மலரான செங்காந்தளின் விதை. ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று கம்பிப்பந்தல் போட்டு வளர்ப்பது இதற்காகத்தான். 8 மி.கி. நாளுக்கு இரண்டு வேளை, 7 நாளுக்கு மேல் வேண்டாம், கர்ப்பிணிகளுக்கும் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் கூடாது என்று ஐரோப்பிய மருந்து ஆணையம் 2013இல் வரம்பு கட்டியது. காரணம், அது உடலில் சிதைந்து உருவாகும் ஒரு பொருள் குரோமோசோம்களின் எண்ணிக்கையைக் குலைக்கக்கூடும். இன்னொரு தளர்த்தியான டிசானிடின் என்றால் சிப்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கோடு சேர்க்கவே கூடாது, ரத்த அழுத்தம் அடியோடு இறங்கும். இந்த இடுப்பு மாத்திரைகள் பெரும்பாலும் அசெக்ளோஃபெனாக்கோடு கலந்தே வருகின்றன. அதை எடுத்த நாளில் வயிற்றுவலிக்கு மெஃப்டால்-ஸ்பாஸும் எடுத்தால் ஒரே வகை வலிநீக்கி இரண்டு உள்ளே போகிறது. இரைப்பையும் சிறுநீரகமும்தான் அதற்கு விலை கொடுக்கும்.

சாயங்காலம் வீறிட்டு அழும் கைக்குழந்தைக்கு வரும் சொட்டு மருந்துகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பெயர்கள் ஒன்றுபோலவே ஒலிக்கும், சேர்மானம் வேறு. சிமெதிகோனும் சதகுப்பை எண்ணெயும் சோம்பு எண்ணெயும் உள்ளவை ஒரு வகை. டைசைக்ளோமைன் உள்ளவை இன்னொரு வகை. 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு டைசைக்ளோமைன் கூடவே கூடாது. மூச்சு நின்றுபோவது, வலிப்பு வருவது பதிவாகியிருக்கிறது. பெரிய பிள்ளைக்கு எழுதிக்கொடுத்த பாட்டில் வீட்டில் இருக்கிறதே என்று சின்னதுக்கு ஊற்றிவிடாதீர்கள்.

எல்லா அட்டைக்கும் பொதுவான ஒரு குறை கடையில் நடக்கிறது. "ரெண்டு குடுங்க" என்றதும் கத்தரிக்கோல் அட்டையைக் குறுக்கே வெட்டுகிறது. பெயரும் காலாவதித் தேதியும் ஒரு துண்டோடு போகிறது. நம் கைக்கு வருவது வெள்ளி நிறத் தகடும் அதில் பாதி எழுத்தும் மட்டும், "…மைன் ஹைட்ரோ" என்ற அளவில். ஆறு மாதம் கழித்து அலமாரியில் அது எதற்கானது என்று யாருக்கும் தெரியாது. வெட்டுவதானால் பெயர் இருக்கும் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், அல்லது அந்த உறையிலேயே பேனாவால் பெயர், அளவு, தேதி எழுதிக்கொள்ளுங்கள்.

எந்த அட்டையையும் பிரிக்கக் கூடாத வயிற்றுவலிகள் உண்டு. தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கும் வலி குடல்வாலாக இருக்கலாம். வயிறு பலகைபோல விறைத்திருப்பது, பச்சையாக வாந்தி, காற்றுகூடப் பிரியாதது, மலத்தில் ரத்தம், காய்ச்சலோடு பேதி, மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்குத் திடீர் அடிவயிற்று வலியும் மயக்கமும், சர்க்கரை நோயாளிக்கு வியர்த்துக்கொண்டு வரும் மேல்வயிற்று வலி ஆகியவை வந்தால் ஒரு மாத்திரை போட்டுப் பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். நேராக மருத்துவமனை. ஏற்கெனவே ஒன்று விழுங்கியாகிவிட்டது என்றால் மறைக்க வேண்டியதில்லை. அட்டையைக் கையோடு கொண்டுபோய், எத்தனை மணிக்கு எத்தனை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வலி இப்போது குறைந்திருப்பது நோய் இறங்கியதாலா, மாத்திரையாலா என்று பிரித்துப் பார்க்க மருத்துவருக்கு அந்த நேரக் கணக்கு வேண்டும்.